கிளம்பாத வண்டி

பதினான்கு மாதங்கள் நின்றுபோயிருந்த ஒரு காரைக் கிளப்ப முயன்ற ஐந்து நாட்களைப் பற்றிய குறிப்பு இது. எழுதுவது அக்காவும் தம்பியுமாக இருவர். ஆகையால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். யார் எந்தத் தவற்றைச் செய்தோம் என்பதை, சொல்லாமல் தீராத இடங்களில் மட்டும் பிரித்துச் சொல்வோம்.

வண்டி 1984ஆம் ஆண்டின் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோலில் ஓடுவது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை தயாரிக்கப்பட்ட வண்டி வரிசையில் ஒன்று. அப்பா இதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். கும்பகோணத்திலிருந்து நவக்கிரகத் தலங்களுக்கு யாத்திரிகர்களை அழைத்துச் செல்வது அவர் தொழில். திங்களூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பது ஊர்களையும் விடியலுக்கு முன் புறப்பட்டு, இரவு நடை சாத்துவதற்குள் முடித்துவிடுவார். எங்கள் இருவருடைய படிப்பும் இந்த ஒன்பது ஊர்களின் வழியாகவே வந்தது. தொழிலை விட்ட பிறகும் அவர் வண்டியை விடவில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது அதைக் கிளப்பி, காவிரிக்கரை வரை ஓட்டிவிட்டு வருவார்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்க மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டதில் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சும் போயிற்று. எஞ்சியது ‘ஆமா’ என்னும் ஒரே ஒரு சொல். பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதிய நோயாளிக்கும் இவ்வாறே ‘டான்’ என்ற ஓர் ஓசை மட்டும் எஞ்சியிருந்ததாம். பேச்சுப் பயிற்சி தரும் பெண், இத்தகையவர்களுக்குப் பேச வராதே தவிர, நாம் பேசுவது பெரும்பாலும் புரியும் என்றார். நாங்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும், அவரை நடுவில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். சாப்பிடுகிறாரா, தூங்கினாரா, பணம் எவ்வளவு ஆகிறது, எவ்வளவு நாள் இப்படி. எதைக் கேட்டாலும் ‘ஆமா’ என்கிற மனிதரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் எங்களிடமிருந்து மெல்ல மெல்ல நழுவிவிட்டது.

வண்டியை விற்பது என்று முடிவு செய்தபோது ஒரு மரியாதைக்காக அவரிடமும் கேட்டோம். “வித்துடலாமாப்பா?”

“ஆமா.”

சம்மதம் கிடைத்துவிட்டதென்று எடுத்துக்கொண்டோம். காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஐந்நூறு ரூபாய் முன்பணமும் தம் கடையின் அட்டையும் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது, “ஓடுச்சுன்னா வெல பேசலாம். ஓடலன்னா எடைதான்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் செவ்வாய் முதல் சனி வரை இருவரும் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து பானட்டைத் திறந்தோம் என்று அன்று சொல்லிக்கொண்டோம். எடைக்குப் போடுவது என்ற சொல் எங்கள் இருவருக்குமே எங்கோ உறுத்தியது என்பதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வண்டியை அறிந்த மெக்கானிக் காலமாகிவிட்டார். புதிதாகப் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் வந்து, சிறிது நேரம் எஞ்சினைப் பார்த்துவிட்டு, “இதுல கம்ப்யூட்டரை மாட்ட எடமே இல்லையேண்ணா” என்றார். கேலியாக அவர் சொல்லவில்லை. அவர் கற்ற எஞ்சின்கள் தம் நோயைத் தாமே எண்களாகச் சொல்லிவிடுபவை. இது அப்படிச் சொல்லாது. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை உண்மையில் மிகச் சிலவே. எஞ்சின் சுழல்கிறதா, பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, இம்மூன்றும் உரிய நேரத்தில் சேர்கின்றனவா. இந்த நான்குக்கும் வெளியே பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளின் நோய் இருப்பதில்லை. வரிசை மாறாமல் கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நாங்கள் மாறினோம்.

முதல் கேள்வி எளிதாகவே முடிந்தது. சாவியைத் திருகி செல்ஃப் கொடுத்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம், அதன்பின் மௌனம். பதினான்கு மாதம் கிடந்த பேட்டரியில் உயிரில்லை. புதிய பேட்டரி போட்டதும் எஞ்சின் நன்றாகவே சுழன்றது. ஆனால் பிடிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து தடித்த வயரை உருவி, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் கொடுத்தால், நீலநிறப் பொறி ஒன்று பாய வேண்டும். பிடிப்பது வெறுங்கையால் ஆகாது, காப்பிட்ட குறட்டால்தான். பொறி வரவில்லை. இங்கே எங்களில் இளையவன் அவசரப்பட்டான். காயில் போய்விட்டது என்று அவனாகவே முடிவு செய்து புதிய காயிலும் நான்கு பிளக்குகளும் வாங்கி வந்து மாட்டினான். அப்போதும் பொறி இல்லை. கழற்றிய பழைய காயில் நல்ல நிலையில் இருந்ததென்பது பின்னால் தெரிந்தது. சோதித்துப் பார்க்காமல் பாகத்தை மாற்றுவது, கேள்வி கேட்காமலே பதிலை எழுதிக்கொள்வது போன்றது. அதற்குச் செலவும் ஆகும். உண்மையான கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மறுநாள் மூத்தவள் பொறுப்பேற்றாள். பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். பொறி பிறக்கும் விதத்தை அவள் தம்பிக்கு ஒரு பாடமாகவே நடத்தினாள். காயிலுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள். சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த சுருளில் பேட்டரியின் 12 வோல்ட் பாய்கிறது. அந்த ஓட்டம் திடீரென்று அறுபடும்போது, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகின்றது. பாரடே 1831இல் கண்ட தூண்டல் விதி, கெட்டரிங் என்ற அமெரிக்கரின் கையில் 1910ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களுக்கான பொறியமைப்பாக உருக்கொண்டது. எங்கள் அம்பாசடரில் இருப்பதும் அடிப்படையில் அதுவே. அறுத்துவிடும் வேலையைச் செய்பவை ‘பாயிண்ட்’ எனப்படும் இரண்டு சிறு உலோகக் குமிழ்கள். அவை சேரும்போது பொறி இல்லை. பிரியும் நொடியில்தான் பொறி. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றும்போது இக்குமிழ்கள் நொடிக்கு நூறு முறை பிரிகின்றன.

ஆகவே பாயிண்டைப் பார்க்க வேண்டும். எஞ்சின் எளிதாகத் திரும்புவதற்காகப் பிளக்குகளைக் கழற்றினோம். மூடியின் குழிகளைத் துடைப்பதற்காக, நான்கு வயர்களையும் ஒரேயடியாக மூடியிலிருந்து உருவினோம். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.

பின், வண்டியை நாலாம் கியரில் போட்டு, இளையவன் முன்னும் பின்னுமாக அங்குலம் அங்குலமாகத் தள்ள, பாயிண்டுகள் மெல்லத் திறந்து மூடின. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனையில் மல்டிமீட்டரின் ஒரு கம்பி, வண்டியின் உடலில் மற்றொன்று. பாயிண்ட் திறந்திருக்கும்போது 12 காட்ட வேண்டும். மூடியிருக்கும்போது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். திறந்தபோது 12 காட்டியது. மூடியபோதும் 12 காட்டியது.

இளையவன், “நல்லாத்தானே காட்டுது” என்றான்.

மூத்தவள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னா, அது பதிலே இல்லடா” என்றாள்.

திண்ணையில் சக்கர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் இருவருமே அந்தக் கணத்தில் திரும்பிப் பார்த்தோம் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். பார்க்கவில்லை. உப்புத்தாளைத் தேடிக்கொண்டிருந்தோம்.

கோளாறு அற்பமானது. பதினான்கு மாத ஈரக்காற்றில் குமிழ்களின் முகத்தில் மெல்லிய படலம் படிந்து, மூடிய நிலையிலும் மின்சாரம் செல்லாமல் தடுத்திருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்குச் சரிசெய்தோம். இப்போது மீட்டர் 12க்கும் பூஜ்யத்துக்குமாக மாறியது. தடித்த வயரின் நுனியில் பளிச்சென்று நீலப்பொறி பாய்ந்தது. ஒரு பத்து ரூபாய்த் தாளுக்குள் முடிந்த வைத்தியம்.

மூன்றாவது கேள்வி பெட்ரோல். தொட்டியில் கிடந்ததை வடித்தபோது வார்னிஷ் வாடை வீசியது. இப்போது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. நெடுநாள் நின்ற வண்டிக்கு அது ஆகாது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தோம். வயர்களைத் திரும்ப மாட்டினோம். கையேட்டில் பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2 என்றிருந்தது. ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ண வேண்டும். மூத்தவள் உரக்கச் சொல்லிச் சொல்லி மாட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை சோக்கை இழுத்து செல்ஃப் கொடுத்தோம்.

வண்டி தும்மியது. கார்புரேட்டர் வழியாகப் ‘படார்’ என்று வெடித்தது. இரண்டு மூன்று சுற்று குலுங்கிவிட்டு நின்றது. மறுபடியும் அதே வெடி. தெருவில் போன நாய் ஓடிவிட்டது. எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. வால்வு போய்விட்டது என்றான் இளையவன். டைமிங் என்றாள் மூத்தவள். அதன் பிறகு வண்டியைப் பற்றியதாக அந்தச் சண்டை இல்லை. யார் எத்தனை முறை ஊருக்கு வந்தார்கள், யார் எவ்வளவு பணம் அனுப்பினார்கள், அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் போயிற்று. எல்லாவற்றையும் அப்பாவின் முன்னிலையிலேயே பேசினோம். காயலான் கடைக்காரர் வரட்டும், எடைக்கே போகட்டும் என்று பானட்டை அறைந்து மூடினோம்.

அன்று மாலை அப்பா மடியிலிருந்த காபி டம்ளரின் விளிம்பில் இடக்கை விரலால் தட்டிக்கொண்டும் தடவிக்கொண்டும் இருந்தார். காபி கேட்கிறாரென்று எண்ணி அம்மா ஊற்றிக் கொடுத்தாள். அப்படி அவர் மூன்று முறை காபி குடித்தார்.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒருமுறை பார்ப்போமென்று திறந்தோம். மறுபடியும் அதே வெடி. அப்பா இம்முறை டம்ளரைக் கவிழ்த்து நாற்காலியின் கையில் வைத்தார். ஒரு சொட்டுக் காபி வேட்டியில் வழிந்தது. கவிழ்த்த டம்ளரின் மேல் விரலை வைத்துச் சுற்றினார். நிறுத்தினார். மறுபடி சுற்றினார். “ஆமா, ஆமா, ஆமா” என்றார். நெற்றி வியர்த்திருந்தது.

பின்னால் நின்ற அம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இடமா சுத்துறாரு பாரு. ராகு கேதுவுக்குச் சுத்துற மாதிரி. திருநாகேஸ்வரம் போகணும்ங்கிறாரோ என்னமோ.”

நவக்கிரகங்களை ஏழு முறை வலமாகவும், ராகு கேதுவுக்கென்று இரண்டு முறை இடமாகவும் சுற்றும் வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. மூத்தவளின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. “இடமா?” என்றாள். 1, 3, 4, 2 என்ற வரிசையை அவள் சரியாகத்தான் மாட்டியிருந்தாள். ஆனால் வலமாக மாட்டியிருந்தாள். கோயிலிலும் கடிகாரத்திலும் பழகிய திசை. அது வேறாக இருக்கக்கூடுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

இம்முறை நாங்கள் ஊகிக்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இளையவன் செல்ஃப் கொடுக்க, மூத்தவள் குனிந்து பார்த்தாள். ரோட்டார் இடமாகச் சுழன்றது. இரண்டு நாட்களுக்கு முன் பாயிண்டைப் பார்த்தபோதும் அது எங்கள் கண்ணெதிரே திரும்பிக்கொண்டுதான் இருந்தது. முன்னும் பின்னுமாகத் தள்ளிய வண்டியில், குமிழ்களை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

வலமாக மாட்டியதில் ஒன்றும் நான்கும் தற்செயலாகச் சரியான இடத்தில் அமைந்துவிட்டன. இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. இந்த எஞ்சினில் இரண்டாவது பிஸ்டனும் மூன்றாவது பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை. ஒன்று அழுத்தி முடிக்கும் தருணத்தில் மற்றொன்று புதுக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடத் தொடங்கியிருக்கும். பொறி ஆளை மாற்றிப் போய்ச் சேர்ந்தால், திறந்த வால்வு வழியே தீ கார்புரேட்டருக்குத் திரும்பும். அதுதான் அந்த வெடி. திண்ணையில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டே அப்பா கோளாறு எதுவென்று அறிந்திருக்கிறார். முந்தைய நாள் முழுவதும் அதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார். நாங்கள் காபி கொடுத்தோம்.

இரண்டு வயர்களை மட்டும் மாற்றினோம். இரண்டாவது முறை செல்ஃப் கொடுத்தபோது வண்டி பிடித்துக்கொண்டது. கரும்புகை கிளம்பி வாசல் முழுவதும் நிறைந்தது. அப்பா இடக்கையை நீட்டி, உள்ளங்கையால் எதையோ முன்னே தள்ளுவதுபோல் காட்டினார். இப்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இளையவன் சோக்கை உள்ளே தள்ளினான். எஞ்சின் அமைதியாக ஓடத் தொடங்கியது.

ஞாயிறு காலை, காயலான் கடைக்காரர் வருவதற்கு முன், அப்பாவிடம் மறுபடியும் கேட்டோம். இப்போது கேட்கும் முறையை அறிந்திருந்தோம். பேச்சுப் பயிற்சிப் பெண் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்ததுதான். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதே கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும்.

“விக்கலாமாப்பா?” “ஆமா.” “விக்காம வச்சுக்கலாமா?” “ஆமா.” மீட்டர் 12இலேயே நின்றது. ஆகவே வாயை விட்டுவிட்டுக் கையைக் கேட்டோம். மேசையில் சாவியையும் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் வைத்து, வைத்துக்கொள்வதென்றால் சாவி, விற்பதென்றால் பணம் என்றோம். அவர் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுப் பணத்தைத் தொட்டார். இடம் மாற்றி வைத்தோம். மறுபடியும் பணத்தையே தொட்டார்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் சாவியைத்தான் எதிர்பார்த்திருந்தோம். ஐந்து நாள் உழைப்புக்கும் குற்றவுணர்வுக்கும் அதுவே பொருத்தமான பரிசாக இருந்திருக்கும். முதலில் அவர் சொன்ன ‘ஆமா’ உண்மையாகவே ஆமாதான் போலிருக்கிறது. ஆனால் அதை அறிந்துகொள்ள வழியில்லாத ஒரு பதிலை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு வசதியாக இருந்ததால் அதைச் சம்மதம் என்றோம். எங்கள் ஊகம் சரியாக அமைந்தது என்பதால் நாங்கள் கேட்டது கேள்வியாகிவிடாது.

அடுத்து, காயலான் கடைக்காரரின் அட்டையை எடுத்து அவர் முன் வைத்து, “எடைக்குப் போட்டுடலாமா?” என்று கேட்டாள் மூத்தவள். “ஆமா” என்றது வாய். விரல்கள் அந்த அட்டையை மேசையின் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய்க் கீழே விழவிட்டன.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மூன்று வாரங்கள் கழித்து, கல்யாண ஊர்வலங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஒருவர் வந்து, ஓட்டிப் பார்த்து, ஓட்டிக்கொண்டே எடுத்துச் சென்றார். அப்பா திண்ணையிலிருந்து, தெருமுனையில் கியர் மாறும் சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அன்று மாலை அம்மா காபியோடு வந்தாள். மூத்தவள் தடுத்து, “காபி வேணுமாப்பா?” என்று கேட்டாள். “ஆமா.” “வேண்டாமா?” “ஆமா.” நாங்கள் டம்ளரை அவர் எதிரே வைத்துவிட்டு, கையைப் பார்த்தபடி காத்திருந்தோம்.